மூணு தரம்

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. முதலில் மேடத்துக்கு ஒரு வணக்கம். இந்த உறையை என் நன்னடத்தை அலுவலரான அவர்தான் பிரிப்பார், படிப்பார், ஓரத்தில் முத்திரை குத்துவார். பிறகுதான் உன் கைக்கு வரும். உன் பதிலும் அதே வழியில்தான் எனக்கு வந்து சேரும். நம் வீட்டுக் கதையை நம்மைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருக்கும் ஒரே ஆள் அவர்தான். பாவம், சம்பளத்துக்காகப் படிக்கிறார்.

மே பதினொன்றோடு எல்லாம் முடிகிறது, அக்கா. கடுமையான குற்றத்துக்கு ஐந்து வருடம்தான் உச்ச வரம்பு, அதற்கு மேல் யாரையும் நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்திருக்கச் சட்டத்தில் இடமில்லை என்று தீர்ப்பு சொன்ன அன்றே நீதிபதி வாசித்தார். எனக்கு முதல் குற்றம், வயது குறைவு, அத்தானும் பிழைத்துக்கொண்டார் என்று ஜெயிலுக்குப் பதிலாக இதைக் கொடுத்தார்கள். மாதத்தின் முதல் திங்கள்கிழமை கையெழுத்து. இந்த நகரத்தை விட்டு வெளியே போகக் கூடாது. உங்கள் ஊருக்கு வரக் கூடாது, போன் கூடாது. யார் வீட்டுக்கும் போய் ரிப்பேர் பார்க்கக் கூடாது, கடைக்கு வருகிற பிரிட்ஜைத்தான் தொடலாம். அது ஏன் என்று உனக்குத் தெரியும், மேடத்துக்கும் தெரியும்.

இன்னொரு விஷயம். எங்கள் கடைக்கு மேல்மாடியில் ஒருத்தி தைக்கிறாள். தையல்காரி என்றுதான் கடையில் எல்லோரும் கூப்பிடுவோம். வெளிநாட்டில் துணிக் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஜூனில் போகிறாள். "கையெழுத்துப் போடற ஆளை நான் எப்படி இழுத்துட்டுப் போறது? முடிச்சுட்டு வா, சேர்ந்து போலாம்" என்கிறாள். பேச்சில் ஊசி இருக்கும், ஆனால் நல்லவள். போவதற்கு முன் உன்னை வந்து பார்ப்பேன். அத்தானையும்தான், அவர் விட்டால்.

அந்த பிரிட்ஜ் என்ன ஆனது? பின்பக்கத் தகட்டைக் கழற்றிவைத்தபடியே விட்டுவிட்டு வந்தேன். தொழில்காரனுக்கு அது ஓர் உறுத்தல்.

அத்தான் எப்படி இருக்கிறார்?

உன் தம்பி

பிப்ரவரி 17

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. மே பதினொன்று என்று நீ எழுதிய இடத்தின் மேலேயே முத்திரை விழுந்திருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துத்தான் படித்தேன்.

அவர் எப்போதும்போல்தான். காலையில் பாலில் ஊறவைத்த ரொட்டி, மத்தியானம் மசித்த காய், சாயங்காலம் அரை டம்ளர் சூப். அதிகம் கொடுத்தால் புரையேறும். வலது பக்கம் மரத்தது மரத்ததுதான். இடது கையில் மட்டும் பழைய பலம் இருக்கிறது. காலையில் நான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்புகளை இஸ்திரி போடப் போகும்போது பக்கத்து வீட்டுப் பெண் வந்து உட்கார்ந்துகொள்வாள். அவர் பேசுவது அவளுக்கு ஒரு சொல்கூடப் புரியாது. யாருக்கும் புரியாது. வெறும் உயிரெழுத்துகள்தான் வாயிலிருந்து வரும், மெய்யெழுத்துகளை நான் போட்டுக்கொள்ள வேண்டும். காய்கறி மண்டியில் ஏலம் போட்ட தொண்டை அது. அவர் விலை கூறினால் மூன்று தெரு தள்ளி நிற்கிற வண்டிக்காரன் திரும்பிப் பார்ப்பான்.

ஏலப் பழக்கம் மட்டும் போகவில்லை. உனக்கு நினைவிருக்கும், ஒரு தரம், ரெண்டு தரம் என்று இழுத்துவிட்டு, மூணு தரம் என்னும்போது பலகையில் உள்ளங்கையால் ஓர் அறை அறைவார். அதற்குமேல் பேச்சில்லை, சரக்கு கைமாறியாச்சு. இப்போது நாற்காலியின் கைப்பிடியில் அறைகிறார். சாப்பாடு போதும் என்றால் ஓர் அறை. டிவியை அணை என்றால் ஓர் அறை. பார்க்க வருகிறவர்கள் கோபம் என்று நினைத்துப் பதறி எழுந்துவிடுவார்கள். கோபமெல்லாம் இல்லை, முடிந்தது என்கிறார், அவ்வளவுதான்.

பிரிட்ஜ் நீ விட்ட இடத்திலேயே நிற்கிறது. அவருடைய மாற்றுத் துணிகளை அதற்குள்தான் அடுக்கிவைத்திருக்கிறேன், பூச்சி வருவதில்லை. பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடலாம் என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். கூடாது என்கிறார். காரணம் சொல்ல மாட்டார்.

உனக்கு மே பதினொன்று. நல்லது. ஒரு தேதி இருப்பது நல்லதுதான்.

அக்கா

மார்ச் 6

அக்கா,

சட்டத்தை மாற்றிவிட்டார்கள்.

எங்கேயோ எவனோ ஒருவன் கண்காணிப்பு முடிந்த மறுமாதமே ஒரு கொலையைச் செய்துவிட்டான். பேப்பரில் பெரிதாக வந்ததே, பார்த்திருப்பாய். அவன் செய்ததற்கு எங்கள் எல்லோருக்கும் கால்விலங்கு. கடுமையான குற்றங்களுக்கு ஐந்து வருடம் என்றிருந்த வரம்பைப் பத்தாக்கிவிட்டார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு என்றால் எனக்கென்ன என்று இருந்திருப்பேன். ஏற்கனவே கண்காணிப்பில் இருப்பவர்களுக்கும் பொருந்துமாம்.

மேடம்தான் கூப்பிட்டுச் சொன்னார். அவருக்கே முகம் சரியில்லை. இலவச வக்கீலைப் போய்ப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "தண்டனையை முன்தேதி போட்டு நீட்ட முடியாது தம்பி, அது அநியாயம். ஆனா இது தண்டனை இல்லையாம். கண்காணிப்பாம். உங்க நல்லதுக்குத்தானாம்" என்றார். என் நல்லதுக்கு இன்னும் ஐந்து வருடம். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஒரே ஒரு வழி இருக்கிறது. தானாக நீட்ட மாட்டார்கள். பாதிக்கப்பட்டவரை நீதிமன்றத்துக்குக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அவர் வேண்டாம், விட்டுவிடுங்கள் என்றால் மே பதினொன்றோடு விட்டுவிடுவார்கள். நீட்ட வேண்டும் என்றால் நீட்டுவார்கள். அக்கா, அத்தானின் ஒரு சொல்லில் என் ஐந்து வருடம் இருக்கிறது. அந்த ஒரு சொல்லும் உன் வழியாகத்தான் வெளியே வரும்.

தையல்காரியிடம் இன்னும் சொல்லவில்லை. நேற்று ஒரு பெட்டி வாங்கி வந்து, பெரிதாக இருக்கிறதா என்று கேட்டாள். இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும் என்றேன்.

அத்தானிடம் பேசு. நான் கேட்டதாகச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

தம்பி

மார்ச் 15

தம்பிக்கு,

நோட்டீஸ் வந்தது. நீதிமன்ற ஊழியர் கொண்டுவந்தார். செருப்பை வாசலில் விடவா உள்ளே விடவா என்று தயங்கி நின்றார், நல்ல மனிதர். உன் அத்தான் என்னைப் படிக்கச் சொன்னார். முடித்ததும் மறுபடி என்றார். மூன்று தடவை படித்தேன்.

அவர் என்ன சொன்னார் என்று கேட்காதே. கோர்ட் வாசலிலும் கேட்காதே, கடிதத்திலும் கேட்காதே. இந்தக் கடிதத்தை மேடம் படிக்கிறார். முன்கூட்டியே நாம் பேசிவைத்துக்கொண்டோம் என்று நாளை ஒருவர் சொன்னால் யார் தலையில் விடியும்? அவரை நான் கலைத்தேன் என்று ஆகிவிடும். நீ அதைக்கூட யோசிக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணை அனுப்பினார்கள். வேறு யாராவது அவர் பேச்சை எடுத்துச் சொல்ல முடியுமா என்று சோதிக்கத்தான். ஒரு காலைப் பொழுது முழுக்க எதிரே உட்கார்ந்திருந்தாள். படம் வரைந்த அட்டைகளைக் காட்டினாள். அவர் அவளைப் பார்த்து எதையோ சொன்னார், அவளும் பவ்யமாகத் தலையாட்டினாள். "உன் அட்டையில் விலை எழுதவில்லையே" என்று கேலி செய்தார், அவ்வளவுதான். அது அவளுக்குத் தெரியாது. கடைசியில் மனைவிதான் மொழிபெயர்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஆகவே நான் சத்தியம் செய்துவிட்டு அவர் வாயாக நிற்க வேண்டும்.

ஐந்து வருடமாக அவர் சொல்வதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல்தான் சொல்லிவருகிறேன். டாக்டரை அவர் திட்டினால் டாக்டர் முகத்துக்கு நேரே அந்தத் திட்டைச் சொல்லியிருக்கிறேன். என்னைப் பற்றி என் முன்னாலேயே அடுத்தவர்களிடம் குறை சொல்வார், அதையும் நானே சொல்வேன். சூப்பில் உப்பில்லை, இவளுக்குக் கவனம் இல்லை என்று.

ஏப்ரல் பதினாறு விசாரணை. அதுவரை எழுதாதே.

அக்கா

மார்ச் 27

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

உன் கடிதத்தை மூன்று நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். வக்கீல் கடிதம் மாதிரி இருக்கிறது. நான் யார் அக்கா உனக்கு? அன்று உன் கன்னம் வீங்கியிருந்தது, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு நான் பேசாமல் பிரிட்ஜுக்கு கேஸ் நிரப்பிவிட்டு, ரசீது எழுதிவிட்டு வந்திருக்க வேண்டுமா? பையில் இருந்த பெரிய ஸ்பேனர் கையில் வந்தது. ஒரே ஓர் அடி. அவர் அப்படி விழுவார் என்று எனக்குத் தெரியுமா? விழும்போது அம்மிக்கல் முனையில் தலை படும் என்று தெரியுமா?

உனக்காகத்தானே செய்தேன். எனக்கு அவரிடம் என்ன பகை? கல்யாணம் பேச நாம் அவர் ஊருக்குப் போன அன்று என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மண்டி முழுக்கக் காட்டியவர். உனக்காகச் செய்தேன், உனக்காக ஐந்து வருடம் ஊர்க்காவல் நாய் மாதிரி ஓர் எல்லைக்குள் சுற்றினேன். ஒருதடவைகூட, தம்பி, எனக்காகக் கஷ்டப்பட்டாயே என்று நீ எழுதவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை என்று சொன்னால் பொய்.

தையல்காரியிடம் சொல்லிவிட்டேன். "உங்க அக்கா விட மாட்டாங்களா?" என்றாள். அக்கா இல்லை, அத்தான் என்றேன். "எல்லாம் ஒரு வாய்தானே" என்றாள்.

தம்பி

ஏப்ரல் 4

தம்பிக்கு,

உனக்காக என்று இன்னொரு தடவை எழுதாதே.

அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று சொல்வார்கள். நீ அந்தப் பழமொழிக்கு வேலையே வைக்கவில்லை, அடியாகவே வந்து உதவிவிட்டாய்.

அன்று உன்னை நான் எதற்குக் கூப்பிட்டேன் என்று நினைவிருக்கிறதா? பிரிட்ஜ் குளிரவில்லை என்று. நீ வந்தாய். என் முகத்தைப் பார்த்தாய். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாய். அதற்கப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை. என்ன நடந்தது அக்கா என்று ஒரு வார்த்தை கேட்டாயா? அந்த வாரம் நான் துணியைப் பையில் எடுத்துவைத்திருந்தேன். சலவைக்கூடத்தில் உடன் வேலை செய்கிறவள் ஓர் அறை பார்த்து வைத்திருந்தாள், மாத வாடகைக்கு. பிரிட்ஜைச் சரிசெய்து கொடுத்துவிட்டு நீ கிளம்பும்போது உன்னோடு பஸ் ஏறிவிடலாம் என்று இருந்தேன். அவருக்கு ஒரு வாரத்துச் சாப்பாடு செய்து உள்ளே வைத்துவிட்டுப் போகலாம் என்றுதான் பிரிட்ஜே. சிரிக்காதே. அப்படித்தான் இருந்தேன்.

நீ ஸ்பேனரை எடுத்தாய். அந்தப் பையை நான் அன்று இரவே பிரித்து, அவர் ரத்தத்தைத் துடைக்க அதிலிருந்த துணியைத்தான் எடுத்தேன். என்னை அடித்தவரையே குளிப்பாட்டித் துடைத்து உட்காரவைக்கிறேன். விட்டுவிட்டுப் போக முடியாது. பேச்சு புரிகிற ஒரே ஆள் நான். உன்னை வைத்திருப்பதற்குச் சட்டம் ஒரு வரம்பு வைத்தது, இப்போது அது ஐந்தா பத்தா என்று பெரியவர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். என்னை வைத்திருப்பதற்கு எந்தச் சட்டத்தில் வரம்பு இருக்கிறது என்று உன் வக்கீலிடம் கேட்டுச் சொல்.

மேடம், இதில் நீங்கள் எங்கே வேண்டுமானாலும் முத்திரை குத்திக்கொள்ளுங்கள்.

அக்கா

ஏப்ரல் 24

அக்காவுக்கு,

விசாரணை நாளில் உன்னோடு பேச அனுமதி கிடைக்கவில்லை. மேடம் எனக்கும் உனக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார், பார்த்திருப்பாய். உன் தலை இவ்வளவு நரைத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சத்தியம் செய்யும்போது உன் கையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு தெரிந்தது.

அத்தானின் இடது கை நன்றாக இருக்கிறது. நீ எழுதியது சரிதான், பழைய பலம்.

இன்னும் ஐந்து வருடம். நீதிபதி நல்லவிதமாகத்தான் சொன்னார். நிபந்தனைகள் எல்லாம் முன்போலவே. அடுத்த நாள் கடைக்குப் போனேன். வேலை இருந்தது.

தையல்காரி பெட்டியைத் திருப்பிக் கொடுத்துச் சின்னதாக ஒன்று வாங்கிவிட்டாள்.

வேறு ஒன்றும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

மே 20

தம்பிக்கு,

உன் கடிதத்தில் ஒரு திட்டாவது இருக்கும் என்று தேடினேன். மார்ச் மாதம் அப்படிக் குதித்தவன் இப்போது உடம்பைப் பார்த்துக்கொள் என்கிறாய். நீ திட்டியிருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ.

மேடம், இதை நீங்கள்தான் முதலில் படிக்கப்போகிறீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். தம்பி பெயரைப் போட்டிருக்கிறேன், ஆனால் இது முதலில் உங்களுக்கு.

நீதிபதி அவரிடம் கேட்டார், கண்காணிப்பை நீட்டிக்க வேண்டுமா, முடிக்கலாமா என்று. அவர் நிறைய நேரம் பேசினார். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். அவர் சொன்னது இதுதான்: "போதும். அவனும் அடிச்சான், நானும் அடிச்சேன். சரியாப் போச்சு. வந்து அந்த பிரிட்ஜை முடிச்சுக் குடுத்துட்டுப் போகட்டும். மூணு தரம்." சொல்லிவிட்டு நாற்காலியின் கைப்பிடியில் ஓங்கி அறைந்தார்.

நான் நீதிபதியிடம், "விடக் கூடாதுன்னு சொல்றார் ஐயா. முழுசா பத்து வருஷம் வேணுமாம்" என்றேன்.

அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மறுபடி அறைந்தார். மறுபடி, மறுபடி. முடிந்தது, முடிந்தது என்று அறைந்துகொண்டே இருந்தார். எத்தனை கோபம் பாருங்கள் என்று அரசு வக்கீல் சொன்னார். அமைதியாக இருங்கள், உங்கள் வேதனை புரிகிறது என்று நீதிபதி அவரைக் கையமர்த்தினார்.

ஏன் சொன்னேன் என்று இந்த ஒரு மாதமாக என்னையே கேட்டுக்கொள்கிறேன். உன் மேல் ஆத்திரம் இருந்தது. உனக்கு ஒரு தேதி இருக்கிறதே என்ற வயிற்றெரிச்சல் இருந்தது. அதெல்லாம் உண்மைதான், ஆனால் வீட்டிலிருந்து கிளம்பும்போது அவர் சொல்வதை அப்படியே சொல்லிவிட்டு வருவதாகத்தான் இருந்தேன். நானும் அடிச்சேன் என்று அவர் சொன்னார் பார், அங்கேதான் என் நாக்கு நின்றது. என்னை அடித்ததாக அவர் வாயிலிருந்து அதுவரை ஒரு சொல் வந்ததில்லை. விழுந்தேன், இடித்துக்கொண்டேன் என்று நான்தான் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் தடவையாகச் சொல்கிறார், அதுவும் என்னிடம் இல்லை, உன்னிடம். நீ அடித்ததற்கு ஈடாக எடுத்துப் போடுகிறார். அவன் ஓர் அடி, நான் ஓர் அடி, சரியாகப் போயிற்று. அடி வாங்கினவள் நடுவில் நின்று அதை மொழிபெயர்க்க வேண்டும். ஏலத்தில் சரக்கை யாரும் கேட்பதில்லை. நீதிபதி என் வழியாக எல்லாவற்றையும் கேட்டார். நீ என்னம்மா சொல்கிறாய் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்காததற்குத்தான் பதில் சொல்லிவிட்டேன்.

அதிலிருந்து அவர் பேசுவதில்லை. ஒரு சத்தம் இல்லை. ரொட்டி போதும் என்றால் வாயை மூடிக்கொள்கிறார், கைப்பிடியைத் தட்டுவதில்லை. அவருக்கென்று உலகத்தில் இருந்த ஒரே காது நான். அதை நான் திருகிவிட்டேன். அடி வாங்கிய நாளில்கூட அவரைப் பார்க்க எனக்கு இவ்வளவு பயமாக இருந்ததில்லை.

ஆகவே மேடம், இதைப் பதிவு செய்யுங்கள். நீதிமன்றத்துக்கு அனுப்புங்கள். தம்பியை விட்டுவிடுவார்கள். பொய்ச் சத்தியத்துக்கு என்ன தண்டனை என்று எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் அதற்கு ஒரு வரம்பு இருக்கும் இல்லையா? இத்தனை மாதம், இத்தனை வருடம் என்று யாராவது வாசிப்பார்கள். எனக்கும் ஒரு தேதி கிடைக்கும்.

அவரைப் பார்த்துக்கொள்ள ஏதாவது ஏற்பாடு செய்துவிட்டு என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள். காலையில் ரொட்டி, பாலில் நன்றாக ஊற வேண்டும்.

அக்கா

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

மேடத்துக்கு வணக்கம்.

போன மாதம் உன்னிடமிருந்து கடிதம் எதுவும் வந்து சேரவில்லை. முதல் திங்கள்கிழமை கையெழுத்துப் போடப் போனேன். மேடம் கதவைச் சாத்திவிட்டு, "உங்க அக்கா கடிதம் இன்னும் என் கைக்கு வரலை. வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தா பதிவு பண்ணுவேன். கோர்ட்டுக்குப் போகவேண்டியதா இருந்தா போகும். வரலைன்னா வரலைன்னு எழுதிப்பேன். தபால்ல தொலையறது ஒண்ணும் புதுசில்லை" என்றார். சொல்லிவிட்டு என் சட்டைப்பையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போகும்போது காலியாக இருந்த பை, வெளியே வரும்போது கனத்தது.

வெள்ளிக்கிழமை வரை யோசிக்க நிறைய இருந்தது. தையல்காரிக்கு ஞாயிற்றுக்கிழமை விமானம். புதன்கிழமை கீழே இறங்கி வந்து, என் சட்டையில் அறுந்திருந்த பொத்தானைத் தைத்துக் கொடுத்தாள். "ஏதாவது மாறுமா?" என்றாள். வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றேன். வியாழக்கிழமை சாயங்காலம் அறையில் அடுப்பைப் பற்றவைத்தேன். சமைக்க ஒன்றும் இல்லை, சட்டைப்பைதான் மறுபடி காலியானது.

வெள்ளிக்கிழமை போனேன். "வந்துச்சா?" என்றார் மேடம். "வரலை மேடம்" என்றேன். எழுதிக்கொண்டார். பேனாவை மூடிவிட்டு, வாசல்வரை கூட வந்தார். இதுவரை அப்படி வந்ததில்லை.

கடிதம் வராததால் நானாகச் சில விஷயங்கள் எழுதுகிறேன். விசாரணை அன்று நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்று நினைவிருக்கும். அத்தான் நாற்காலியைத் தட்டியது எனக்கு நேராகத் தெரிந்தது. மண்டியில் அவர் தோளில் உட்கார்ந்து பார்த்த அதே தட்டு. எல்லோரும் கோபம் என்றார்கள். எனக்கு அன்றைக்கே தெரியும், அக்கா. முதல் தட்டிலேயே தெரியும். எழுந்து சொல்லியிருக்கலாம், வக்கீல் பக்கத்தில்தான் இருந்தார். பிறகு நீ வாயைத் திறந்தாய். பத்து வருடம் என்று சொன்னாய். அதை யார் சொன்னது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. சொல்ல வேண்டியவள் சொல்லிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். திட்டுவதற்கு என்ன இருக்கிறது?

இந்தப் பத்தியை மட்டும் அத்தானிடம் சத்தமாகப் படித்துக் காட்டு. அத்தான், நீங்கள் தட்டியது எனக்குக் கேட்டது. மூணு தரமும் கேட்டது. உங்கள் பேச்சு வந்து சேர்ந்துவிட்டது, வீணாகவில்லை. அக்காவின் மேல் கோபப்படாதீர்கள். நீங்கள் அன்று எனக்குச் சொன்ன ஒரு வார்த்தை எனக்குச் சேரவேண்டியது இல்லை. அதை அக்காவைப் பார்த்து இன்னொரு தடவை சொல்லுங்கள். நடுவில் ஆள் தேவையில்லை, அவளுக்குத்தான் உங்கள் பேச்சு புரியுமே.

பிரிட்ஜை இரும்புக்காரனிடம் போட்டுவிடு. நான் வந்து முடிப்பேன் என்று யாரும் அதை வைத்திருக்க வேண்டாம். அது இனி குளிராது, உள்ளே எல்லாம் துருப்பிடித்திருக்கும்.

தையல்காரி போய்விட்டாள்.

நேற்று உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்துவைத்துப் படித்தேன். ஒவ்வொன்றிலும் அத்தான் என்ன சாப்பிட்டார் என்று இருக்கிறது. நீ என்ன சாப்பிட்டாய், எப்போது தூங்கினாய், எங்கே வலிக்கிறது என்று ஒன்றில்கூட இல்லை. என் கடிதங்கள் என்னிடம் இல்லை, ஆனாலும் அதில் நான் கேட்டிருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். ஸ்பேனர் பையைத் திறப்பதற்கு முன் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன். உனக்கு என்ன வேண்டும், அக்கா?

உடனே எழுத வேண்டும் என்று இல்லை. யோசித்து எழுது. மாதம் ஒரு கடிதம் என்றாலும் ஐந்து வருடம் இருக்கிறது, சட்டமே கொடுத்திருக்கிறது.

உன் தம்பி